கறியைக் குறைப்பவர்கள் செய்யும் தவறுகள்

புரட்டாசி முழுவதும் கறிக்கடைப் பக்கமே போகாத குடும்பங்கள், ஐப்பசியின் முதல் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அதே கடையில் வரிசையில் நிற்பதைத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். விரதம் என்ற அளவில் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் உடல்நலத்துக்காகக் கறியைக் குறைக்க நினைப்பவர், ஒரு மாதம் விட்டதை அடுத்த மாதம் ஈடுகட்டுவதால் பெரிதாகப் பயனடைய மாட்டார். ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சியைச் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்துமாறு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் பரிந்துரைக்கிறது, கணக்கு வாரத்துக்குத்தான்.

ஆட்டுக்கறியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைக் கொண்டுவருவது அதைவிடப் பெரிய தவறு. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்து, உறுதியான சான்றுள்ள புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. புகையிலையும் அதே பட்டியலில் இருப்பதால் இரண்டும் சம அளவு ஆபத்தானவை என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பட்டியல் சான்றின் உறுதியைக் காட்டுகிறதே தவிர, ஆபத்தின் அளவை அல்ல.

பெரும்பாலான வீடுகளில் பிழை நேர்வது, கறி இருந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான். அதே மசாலா, அதே தேங்காய் அரைப்பு, கறிக்குப் பதில் உருளைக்கிழங்கு என்று குழம்பு வைத்தால் நாக்குக்குக் குறையிருக்காது. ஆனால் புரதம் போய்விடும், வயிறு நிறையாததால் சோறு இன்னொரு கரண்டி கூடும். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. காளானில் 3 கிராம் அளவும் காலிஃபிளவரில் 2 கிராம் அளவுமே உண்டு. ஆகவே காளான் பிரியாணியும் காலிஃபிளவர் 65-உம் சுவைக்கு மாற்றாகலாம், சத்துக்கு ஆகா. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராமும், உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் 25 கிராம் அளவும் புரதம் கிடைக்கும். சாம்பார் இருக்கிறதே என்பார்கள். நாம் ஊற்றிக்கொள்ளும் சாம்பாரில் பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை வைத்தவர்தான் சொல்ல வேண்டும். கெட்டியான பருப்புக் கடையலோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருந்தால்தான் அது மாற்று.

பயறுகளிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை, கறியில் உள்ளதைப் போல உடல் எளிதில் ஈர்த்துக்கொள்வதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அது கூடும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் தேநீரும் அதைக் குறைக்கும். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) காட்டுவதால், இது சிறிய செய்தியன்று.

வாரத்தில் சில நாள் மட்டும் கறியைத் தவிர்த்து, பால், முட்டை, மீன் ஆகியவற்றைத் தொடர்பவர்கள், விலங்குவழி உணவுகளில் கிடைக்கும் வைட்டமின் பி12 பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றையும் சேர்த்து விட்டுவிடுபவர்களுக்கு நிலைமை வேறு. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் குறைபாடு உடனே தெரியாது. கைகால் மரத்துப்போகும்போது அதை வயதின் கோளாறு என்று எண்ணிவிடுகிறோம். நீரிழிவுக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவதே குறையக்கூடும் என்பதால், அவர்கள் உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லி அதன் அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.