டிரிட்டியம் சாவிக்கொத்து: தேர்வு செய்வதும் அன்றாடம் பயன்படுத்துவதும்

கைப்பையின் அடியில் கிடக்கும் சாவியை இருட்டில் துழாவாமல் எடுக்கவும், மின்சாரம் போன நேரத்தில் டார்ச் விளக்கு எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் கண்டுகொள்ளவும் டிரிட்டியம் சாவிக்கொத்தைப் போல உதவும் சிறு பொருள் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு பேட்டரி தேவையில்லை, சார்ஜ் செய்ய வேண்டியதில்லை, வெயிலில் காட்டவும் வேண்டாம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக்குழல் இரவும் பகலும் பத்தாண்டுக்கு மேல் தானாகவே ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதே சமயம் அந்தக் குழலுக்குள் அடைபட்டிருப்பது கதிரியக்க வாயு என்பதால், எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே மாட்டுவது, உடைந்தால் என்ன செய்வது, ஒளி மங்கியபின் எப்படி அப்புறப்படுத்துவது ஆகியவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் இதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் ஐசோடோப்புகளில் (நியூட்ரான்களின் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் வகைகளில்) ஒன்று. அதன் அணுக்கருவில் ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் இருக்கின்றன. இந்த அணுக்கரு நிலையற்றது. அது ஓர் எலக்ட்ரானை, அதாவது பீட்டா துகளை, வெளியேற்றிவிட்டு ஹீலியம்-3 ஆக மாறுகிறது. குழலின் உட்சுவரில் துத்தநாக சல்பைடு போன்ற ஒளிர்பொருள் பொடி மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். வாயுவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் அந்தப் பொடியின் மீது மோதும்போது அது ஒளியை உமிழ்கிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாய்த் திரை ஒளிர்ந்ததும் எலக்ட்ரான்கள் மோதியதால்தான்; அங்கே எலக்ட்ரான்களை உண்டாக்க மின்சாரம் தேவைப்பட்டது, இங்கே வாயுவே அவற்றைத் தருகிறது. டிரிட்டியத்தின் பீட்டா துகள்கள் மிகவும் வலுக்குறைந்தவை. அவற்றின் உச்ச ஆற்றல் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சராசரி 5.7 மட்டுமே. காற்றில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தூரத்துக்கு மேல் அவற்றால் போக முடியாது, நம் தோலின் மேலுள்ள இறந்த செல்களின் அடுக்கைக்கூட அவை ஊடுருவுவதில்லை. கண்ணாடிச் சுவர் அவற்றை முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. அந்த மோதலில் உண்டாகும் மிக மென்மையான எக்ஸ் கதிர்களில் பெரும்பகுதியையும் கண்ணாடியும் வெளி உறையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

இந்த வாயு பெரும்பாலும் கனநீரை (டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீரை) பயன்படுத்தும் அணு உலைகளின் உபபொருளாகக் கிடைக்கிறது. கனடாவில் டொரன்டோவுக்குக் கிழக்கே, ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள டார்லிங்டன் அணுமின் நிலையத்தில் கனநீரிலிருந்து டிரிட்டியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை 1990 முதல் இயங்குகிறது. (கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையமும் கனநீர் உலைகளைக் கொண்டதே, அங்குள்ள கனநீரிலும் டிரிட்டியம் உண்டாகிறது.) குழல்களைச் செய்வதில் பெயர்பெற்ற நிறுவனம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகில் உள்ள எம்பி-மைக்ரோடெக். போரோசிலிகேட் கண்ணாடிக்குழலின் உட்புறத்தில் ஒளிர்பொருளைப் பூசி, வாயுவை நிரப்பி, லேசர் கதிரால் கண்ணாடியை உருக்கி முனையை அடைக்கிறார்கள். கைக்கடிகார முட்களிலும் ராணுவத் திசைகாட்டிகளிலும் பொருத்தப்படும் குழல்களும் இதே வகையைச் சேர்ந்தவை.

வாங்கும் முன் ஒளியின் அளவைப் பற்றிச் சரியான எதிர்பார்ப்பு இருக்க வேண்டும். விற்பனைப் படங்களில் குழல் நியான் விளக்கைப் போல எரிவதாகத் தெரியும். கேமராவின் ஷட்டரைப் பல விநாடிகள் திறந்துவைத்து எடுத்த படங்கள் அவை. நேரில் பார்த்தால், பகல் வெளிச்சத்தில் அது ஒளிர்வதே தெரியாது. விளக்கு எரியும் அறையில் உள்ளங்கையைக் குவித்து அதற்குள் பார்த்தால்தான் புலப்படும். முழு இருட்டில், கண்கள் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆனபின், அதே குழல் அறையின் மறுகோடியிலிருந்தும் தெளிவாகத் தெரியும். கடிகாரத்தின் முகப்பில் ஒட்டிப் பிடித்தால் நேரத்தையும் பார்த்துவிடலாம். ஆகவே இது ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் அடையாளமே தவிர, படியிறங்கவும் பாதை பார்க்கவும் உதவும் விளக்கு ஆகாது. டார்ச்சுக்குப் பதிலாக இதை வாங்குபவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் தயங்க வேண்டியதில்லை, பச்சையே சிறந்தது. மனிதக் கண் பச்சைக்கும் நீலப்பச்சைக்கும்தான் மிகுந்த உணர்திறன் கொண்டது. அதனால் ஒரே அளவு வாயு கொண்ட குழல்களில் பச்சை மிகப் பிரகாசமாகத் தோன்றும். வெளிர்நீலமும் மஞ்சளும் அடுத்த வரிசையில் வரும். சிவப்பு மிகவும் மங்கல். இருளுக்குப் பழகிய கண்ணுக்கு அது கிட்டத்தட்ட மறைந்தே போகும். வீட்டில் பல சாவிக்கொத்துகள் இருந்து, நிறத்தை வைத்து அவற்றைப் பிரித்தறிய வேண்டும் என்றால் மட்டும் மற்ற நிறங்களை நாடலாம். அளவைப் பொறுத்தவரை, 3 மில்லிமீட்டர் விட்டமும் 22.5 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட குழல் சாவிக்கொத்துக்கு ஏற்றது. ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழல்கள் கத்தியின் கைப்பிடியிலோ டார்ச்சின் பின்முனையிலோ பதிப்பதற்கே பொருத்தமானவை.

சந்தையில் போலிகள் ஏராளம். பகல் ஒளியை வாங்கிச் சேமித்து இருட்டில் உமிழும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடியை ஒரு குழாயில் அடைத்து, டிரிட்டியம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பொருளைக் கறுப்புத் துணியில் சுற்றி, மூடிய பெட்டிக்குள் வைத்து, இரண்டு மூன்று நாட்கள் அலமாரியில் விட்டுவிடுங்கள். பிறகு இரவில், அறை விளக்கை அணைத்து, கண் பழகும்வரை காத்திருந்து, விளக்கு எதையும் போடாமல் துணியைப் பிரித்துப் பாருங்கள். ஒளியைச் சேமிக்கும் பொடியாக இருந்தால் அநேகமாக ஒன்றுமே தெரியாது. டிரிட்டியம் குழல் உள்ளே வைத்த அன்று இருந்த அதே அளவில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான குழலில் உள்ள ஒளிர்பொருளும் அந்த ஒளி பட்டவுடன் சிறிது நேரம் கூடுதலாக மின்னக்கூடும் என்பதால் அந்தச் சோதனை குழப்பத்தையே தரும். உண்மையான குழலை உருப்பெருக்கியில் பார்த்தால், முனைகளில் கண்ணாடி உருகி மூடிய தடம் தெரியும். பிளாஸ்டிக் மூடியோ பசையோ அங்கே இருக்காது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் இந்தச் சாவிக்கொத்துகள் கடைகளில் தடையின்றி விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் கைக்கடிகாரம், துப்பாக்கிக் குறிகாட்டி, வெளியேறும் வழிப் பலகை போன்றவற்றில் டிரிட்டியம் அனுமதிக்கப்பட்டாலும், பொம்மைகள், அணிகலன்கள், அத்தியாவசியம் அற்ற வேடிக்கைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிம விதிவிலக்கு பொருந்தாது. சாவிக்கொத்தும் அந்த வகையில் சேர்க்கப்பட்டதால் அங்கே அதை விற்க இயலாது. இந்தியாவில் கதிரியக்கப் பொருள்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது. எனவே வெளிநாட்டு இணையக் கடையில் பணம் கட்டும் முன் வாரியத்தின் விதிகளையும் சுங்க விதிகளையும் விசாரித்துக்கொள்வது அவசியம். விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால், அந்த விமான நிறுவனத்திடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழலைத் தனியாக ஒருபோதும் சாவியில் கட்டக்கூடாது. அதற்கு வலுவான உறை தேவை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறை ஒளியை எல்லாப் பக்கமும் விடுவதோடு அடியையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சாவிகளின் உரசலால் நாளடைவில் அதன் மேற்பரப்பு மங்கிவிடும். பக்கவாட்டில் வெட்டுகள் கொண்ட டைட்டானிய உறை நெடுநாள் உழைக்கும், ஒளி வெளிவரும் பரப்பு மட்டும் குறையும். உறையையும் குழலையும் தனித்தனியே வாங்கிப் பொருத்துபவர்கள், குழலின் இரு முனைகளிலும் சிறிய ரப்பர் வளையங்களை இட்டு, கண்ணாடி உலோகத்தை எங்குமே தொடாதபடி நிறுத்த வேண்டும். மூடியைத் திருகும்போது கையில் இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலும் அழுத்தினால் விசை முழுவதும் கண்ணாடியின் முனையில்தான் இறங்கும். பொருத்தியபின் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் குழல் உள்ளே ஆடுகிறது என்று அர்த்தம். தடித்த வளையம் மாற்றவேண்டும். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். நகச்சாயம் நீக்கும் திரவம் போன்ற கரைப்பான்கள் பாலிகார்பனேட்டை வெடிப்புவிடச் செய்யும்.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்கு முதன்மையாகப் படுவது, இதைச் சாவியில் மட்டும் மாட்டிவைத்து நிறுத்திவிடாமல், இருட்டில் முதலில் கைக்கு எட்ட வேண்டிய பொருள் எதுவோ அதில் கட்டுவது. மின்வெட்டுக்கென்று எடுத்துவைத்த டார்ச்சின் வளையத்தில் ஒன்றைக் கட்டி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் அதைத் தொங்கவிட்டால், நடு இரவில் மின்சாரம் போனாலும் எழுந்தவுடன் கண் நேராக அங்கே போகும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் இரவு மருந்துப் பெட்டியின் கைப்பிடியிலும், மூக்குக்கண்ணாடிக் கூட்டிலும் மாட்டலாம். முகாமிடுபவர்கள் கூடாரத்தின் ஜிப் இழுப்பானிலும், காலில் தடுக்கும் இழுகயிறுகளிலும் கட்டுகிறார்கள். வானியல் ஆர்வலர்களுக்கு இது மிகவும் பொருத்தமானது. கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காத அளவு மெல்லிய ஒளி என்பதால், தொலைநோக்கியின் முக்காலிக் கால்களில் கட்டிவைத்தால் இடித்துக்கொள்ளாமல் நடமாடலாம். சாவிக்கொத்தாகவே பயன்படுத்தும்போது, வளையத்தில் அதிகச் சாவிகளைக் கோக்காமல் இருப்பது நல்லது. கனமான கொத்து கீழே விழும்போது அடியும் பலமாக இருக்கும்.

இரண்டு இடங்களில் மட்டும் இதை வைக்கவே கூடாது. வாயில் வைத்துக் கடிக்கும் வயதுக் குழந்தைகளுக்கு எட்டும் இடம் ஒன்று, அடுப்புக்கு அருகில் உள்ள இடம் மற்றொன்று. அடுப்பைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. வாயுவாக உள்ள டிரிட்டியத்தை மூச்சில் இழுத்தாலும் உடல் அதில் மிகக் குறைந்த பங்கையே ஏற்றுக்கொள்கிறது, மீதி மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடும். அதுவே எரிந்து தண்ணீராக மாறினால், உடல் அதைச் சாதாரணத் தண்ணீரைப் போலவே உறிஞ்சிக்கொள்ளும். ஒரே அளவு டிரிட்டியத்துக்கு, நீர் வடிவில் கிடைக்கும் கதிர்வீச்சு அளவு வாயு வடிவில் கிடைப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு ஆகும்.

குழல் உடைந்துவிட்டால், ஒளி திடீரென்று அணைந்துபோவதே அதற்கு அடையாளம். சன்னல்களையும் கதவையும் திறந்துவிட்டு, எல்லோரும் அறையை விட்டு வெளியேறி ஒரு மணி நேரமாவது காற்றோட்டம் விடுங்கள். ஹைட்ரஜன் காற்றைவிட மிகவும் இலேசானது என்பதால் விரைவில் கலைந்து போய்விடும். ஒரு சாவிக்கொத்தில் உள்ள அளவு மிகச் சிறியது, இதற்காக யாரும் பதறத் தேவையில்லை. பிறகு கையுறை அணிந்து, ஈரத் துணியால் கண்ணாடித் துண்டுகளையும் பொடியையும் ஒற்றியெடுத்து, துணியோடு சேர்த்து இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். துடைப்பத்தாலோ வாக்குவம் கிளீனராலோ கூட்டினால் பொடி பரவும். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதன்பின் சாப்பிடுங்கள். சட்டைப்பைக்குள் உடைந்திருந்தால் அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.32 ஆண்டுகள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடு குறைந்து, ஐந்தாம் ஆண்டின் முடிவில் முக்கால் பங்கும், பன்னிரண்டு ஆண்டுகளில் பாதியும், இருபத்தைந்து ஆண்டுகளில் கால் பங்கும் மிஞ்சும். ஒளிர்பொருளும் எலக்ட்ரான்கள் மோதி மோதித் தேய்வதால், கண்ணுக்குத் தெரியும் ஒளி இந்தக் கணக்கைவிடச் சற்று வேகமாகவே மங்கும். நாளுக்கு நாள் குறைவது தெரியாது. பழைய குழலைப் புதியதன் பக்கத்தில் வைக்கும்போதுதான் வித்தியாசம் புலப்படும். பயன்பாட்டுக்குப் போதாத அளவு மங்கியபின்னும் உள்ளே வாயு இருக்கும் என்பதால், அதைக் குப்பையோடு எரிக்கவோ கண்ணாடி மறுசுழற்சித் தொட்டியில் போடவோ கூடாது. விற்றவரிடமோ தயாரிப்பாளரிடமோ திருப்பிக் கொடுக்க வழியுண்டா என்று வாங்கும்போதே கேட்டு, வாங்கிய தேதியுடன் ரசீதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.