வாஷ் பேசின் மாட்டும் முன் ஆசிட் வேலையை முடியுங்கள்

போன வாரம் கொளத்தூரில் ஒரு வீட்டு வேலை. தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் வெள்ளை மார்பிள் பேசினை மாட்டிவிட்டு, பெருமையாக போட்டோ அனுப்பியிருந்தான். பேசின் அழகுதான். ஆனால் போட்டோவின் மூலையில் ஒரு ஆசிட் கேன் நின்றது. உடனே போன் போட்டேன். குழாய் மரையில் டேப் சுற்ற மறப்பது, நட்டை அதிகம் முறுக்கிப் பீங்கானை உடைப்பதெல்லாம் ஒருமுறை பட்டால் புத்தி வந்துவிடும். இது அப்படியில்லை.

மாட்டிய பிறகு ஆசிட்

டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள்தான் அது ஞாபகத்துக்கு வரும். எனக்கு நடந்தது வியாசர்பாடியில். வியாழக்கிழமை மார்பிள் பேசின், குரோம் குழாய், ஸ்டீல் டவல் ராடு எல்லாம் மாட்டி முடித்தேன். வெள்ளி சாயங்காலம் டைல்ஸ்காரர் ஆசிட் போட்டுத் தேய்த்துவிட்டு, நெடி வீட்டுக்குள் வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். காலையில் போய்ப் பார்த்தால், தெறித்த இடமெல்லாம் பேசினில் பளபளப்பு செத்துத் திட்டுத் திட்டாக இருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. சொட்டுகூடப் படாத டவல் ராடில் பழுப்புப் புள்ளிகள்.

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். அது கறையே அல்ல, கல்லே கொஞ்சம் போய்விட்டது. துடைத்து வராது, பாலிஷ்தான் போட வேண்டும். மூடிய அறையில் தங்கும் ஆசிட் புகை ஸ்டீலையும் குரோமையும் அரிக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாலிஷும் புதுச் சாமான்களும் என் செலவு. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆசிட்டை முதலில் முடியுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் இன்னொரு முறை கழுவி, ஒரு நாள் காற்றாட விடுங்கள். அப்புறம் பேசின் பெட்டியைப் பிரிக்கலாம்.

என்ன கல் என்று சந்தேகமா? கடையில் சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி எலுமிச்சம்பழம் பிழிந்து கொஞ்ச நேரம் விடுங்கள். மங்கினால் மார்பிள் வகை. ஆனிக்ஸ் கல்லும் மங்கும், கிரானைட் மங்காது. இனி மற்ற தவறுகள், சுருக்கமாக.

மேடை உயரம்

மேலே உட்காரும் கிண்ண பேசினுக்கும் பழைய பழக்கத்தில் 32 அங்குலத்தில் மேடை போடுகிறார்கள். பேசின் 6 அங்குலம் என்றால் விளிம்பு 38-க்குப் போய்விடும். பாட்டி முகம் கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கும். விளிம்பு 32 முதல் 34-க்குள் வரட்டும்.

வேஸ்ட் கப்ளிங்

பேசினிலிருந்து தண்ணீர் வெளியேறும் துளையில் மாட்டும் சாமான் இது. பேசினில் ஓவர்ஃப்ளோ ஓட்டை (தண்ணீர் நிரம்பினால் வழிந்தோடும் ஓட்டை) இருந்தால் ஹாஃப் த்ரெட் (பாதி மரை), இல்லாவிட்டால் ஃபுல் த்ரெட் (முழு மரை).

எம்.டி.எஃப். கேபினெட்

மர நாரை அழுத்திச் செய்த பலகை. ஈரம் பட்டால் ஊதும். வேண்டாம்.

பாத் டப்

200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ, ஆள் எடை தனி. ராயபுரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம்) மாடி என்றால் இன்ஜினியர் பார்க்காமல் தொடாதீர்கள்.

கறுப்பு பேசின்

போர் தண்ணீர் வீட்டுக்கு ஆகாது. ஒரே மாதத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும், அதை எடுக்க வீட்டம்மா ஆசிட் கேனைத் தேடுவார்.