அன்றாட நன்றிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. பேனாவை நூலால் நோட்டோடு கட்டிவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பேனா தேடுகிறவர் அன்றைக்கு எழுதமாட்டார். நோட்டை பீரோவில் வைக்க வேண்டாம், செல்போனுக்கு சார்ஜ் போடுகிற இடத்தில் கிடக்கட்டும். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள், போனுக்கு சார்ஜ், உடனே அன்றைக்கு நமக்கு உதவியவர்களைப் பற்றி மூன்று வரி. ஐந்து நிமிஷ வேலை. தினமும் தப்பாமல் செய்கிற காரியம் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் புதுப்பழக்கம் ஒட்டும். நேரம் கிடைக்கும்போது எழுதலாம் என்றிருந்தால் நேரம் கிடைக்காது.

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது என்ன எழுதுவது என்பதில்தான். "உடம்பு நல்லா இருக்கு, வேலை இருக்கு, பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று முதல் நாள் எழுதுவார்கள். மறுநாளும் அதே மூன்று. நாலாம் நாளில் அது வருகைப் பதிவேடு ஆகிவிடும், எழுதுகிறவருக்கே உறைக்காது. வரிக்கு ஓர் ஆள் வேண்டும், அவர் செய்த காரியம் வேண்டும், அதற்கு அவர் பட்ட பாடும் வேண்டும். "பால் வந்தது" என்பது வெறும் கணக்கு. "பையைக் கேட்டில் மாட்டினால் நாய் இழுத்துவிடும் என்று, கொட்டுகிற மழையில் மணியடித்துக் காத்திருந்து கையில் தந்துவிட்டுப் போனார் பால்காரர்" என்று எழுதிப் பாருங்கள், அந்த ஆள் கண்முன் வந்து நிற்பார்.

ஒன்றுமே தோன்றாத நாளுக்குத் திருக்குறளில் ஒரு சல்லடை இருக்கிறது. 11ஆம் அதிகாரம், செய்ந்நன்றியறிதல். அதன் முதல் மூன்று குறள்களும் உதவியை மூன்றாகப் பிரிக்கின்றன: நாம் முன்னே எதுவும் செய்யாதிருந்தும் ஒருவர் செய்தது, தக்க சமயத்தில் செய்தது, பதிலுக்கு என்ன வரும் என்று பாராமல் செய்தது. மூன்றையும் கேள்வியாக்கி அன்றைய பொழுதைச் சலியுங்கள். ஜங்ஷனில் நாம் ஓடி வருவதைப் பார்த்து அரை நிமிஷம் விசிலை நிறுத்திவைத்த கண்டக்டர் இரண்டாவதில் சிக்குவார்.

முதல் இரண்டு வாரம் தினமும் எழுதுங்கள், பிறகு வாரம் ஒரு நாள் போதும். ஒரு தடவைக்கு ஒரு பக்கம் என்றால் 14 நாளும் 26 வாரமும் சேர்ந்து 40 பக்கம். அரை வருஷம் ஓடிவிடும். வாரம் ஒருமுறை போதுமா என்று கேட்பவர்களுக்கு: ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் நன்றி எழுதுவது பற்றி 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் வாரம் ஒரு தடவையாகப் பத்து வாரம்தான் எழுதினார்கள், அதற்கே பலன் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக எழுத வேண்டாம். அப்படிச் சேர்த்து எழுத உட்கார்ந்தவர்கள்தான் நோட்டை மூடிவைக்கிறார்கள்.

எழுதியதை வாயால் சொல்வது அடுத்த படி. இங்கே நம்ம திருநெல்வேலியில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்குள் "நன்றி அம்மா" என்றால், "என்னல, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்கா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மேடைக்கு உள்ள சொல் அது. வீட்டில் செய்த வேலையைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். சொதி வைத்தார்களா? "நல்லா இருந்துச்சு" என்பதோடு விடாதீர்கள். மூன்று தடவை தேங்காய்ப்பால் பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றித் திரியாமல் இறக்குவது லேசான வேலை இல்லை. "எம்மா, முதப்பால் திரியாம எப்படிம்மா எறக்குன? இஞ்சிப் பச்சடியும் அரைச்சிருக்க" என்று சொன்னால் போதும். அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கூடவே விழும்.

பக்கத்து வீட்டு ஆச்சி பாயசம் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று கொஞ்சம் சீனியோ நாலு முறுக்கோ போட்டுக் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதோடு ஒரு வாக்கியமும் போகட்டும்: "சின்னவன் கிண்ணத்த வழிச்சு நக்கிட்டான், ஆச்சி."

டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் போய் வருபவர்களுக்குத் தாமிரபரணி ஆற்றுப் பாலமே நல்ல நினைவூட்டி. 1843இல் திறந்த அந்தப் பாலத்தைச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார். ஒருமுறை கடப்பதற்குள் ஒரு பெயர், அவர் செய்த ஒரு காரியம். பைக் ஓட்டுகிறவர்கள் கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே நினைக்கலாம்.

பிள்ளைகளிடம் "தேங்க்ஸ் சொல்லு" என்று அதட்டிப் பயனில்லை, கிளி மாதிரி சொல்லிவிட்டு ஓடிவிடும். சாப்பிடும்போது "இன்னைக்கு ஒனக்கு யாரு என்ன செஞ்சா?" என்று கேளுங்கள்.

அடுத்தவனுக்கு இதுகூட இல்லை என்று ஒப்பிட்டு எழுதினால் அது நன்றி ஆகாது, உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்தான் ஏறும். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லி, அடிக்கிறவருக்கும் ஒரு வரி எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள்; எழுத வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நோட்டு போதாது. 14416 என்பது அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது. பாளை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு.

நோட்டு பாதியைத் தாண்டியதும், திரும்பத் திரும்ப வருகிற பெயர் ஒன்று தட்டுப்படும். பெரும்பாலும் பழைய வாத்தியாராகவோ டீச்சராகவோ இருக்கும். 50 காசு அஞ்சலட்டை வாங்கி, அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை எழுதி அனுப்புங்கள். முகவரி தெரியாவிட்டால் பள்ளியின் பெயருக்கே போடலாம்.