அங்கோர் வாட் பார்க்கச் செல்பவர்கள் கம்போடியாவில் முறையாக உதவுவது எப்படி

அங்கோர் வாட் கோயிலைப் பார்க்கக் கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்குச் செல்லும் நம்மவர்களில் பலர், அங்குள்ள வறுமையை நேரில் கண்டபின் வெறுங்கையோடு திரும்ப மனம் இல்லாமல் ஏதேனும் கொடுத்துவிட்டு வர விரும்புகிறார்கள். அந்த மனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யாரிடம், எந்த வழியில் கொடுக்கிறோம் என்பதைப் பயணம் கிளம்பும் முன்பே தீர்மானித்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பணம் பெரும்பாலும் நாம் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேராது. சில வேளைகளில் தீங்கும் செய்யும்.

இதை நான் ஒரு பால்பவுடர் டின்னில் கற்றுக்கொண்டேன். இரவுச் சந்தைக்கு அருகில், பத்து வயதைத் தாண்டியிராத ஒரு சிறுமி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, பணம் வேண்டாம், தம்பிக்குப் பால் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டாள். அத்தனை இரைச்சலிலும் அந்தக் குழந்தை தலை சாய்ந்து அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தது. அவளே காட்டிய கடையில், அவளே எடுத்துத் தந்த டின்னை வாங்கிக் கொடுத்தேன். மூடியின் ஓரத்தில் ஒரு நசுங்கல் இருந்தது நினைவில் தங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்து அதே வழியாகத் திரும்பியபோது, அதே நசுங்கலோடு அந்த டின் அலமாரியில் தன் பழைய இடத்தில் இருந்தது. டின்னைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடு அந்நகரில் பலரும் அறிந்த ஒன்று. இதில் அந்தச் சிறுமியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரவு பத்து மணிக்கு அவள் தெருவில் நிற்பதற்கு என் போன்றவர்களின் இரக்கமே காரணமாகிறது என்பதுதான் என்னை வருத்தியது.

ஆகவே முதல் விதி இது: தெருவில் கை நீட்டும் குழந்தையிடம் பணமோ பொருளோ கொடுக்க வேண்டாம், கோயில் வாசலில் அஞ்சலட்டையும் கைவளையும் விற்கும் குழந்தைகளிடம் வாங்கவும் வேண்டாம். சொல்வதற்குக் கடுமையாக இருக்கிறது, செய்வதற்கு அதைவிடக் கடினம். ஆனால் பள்ளி நேரத்தில் குழந்தைக்குச் சம்பாத்தியம் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை அந்தக் குழந்தையை யாரும் பள்ளிக்கு அனுப்பப்போவதில்லை. வாங்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே கடை விரித்திருக்கும் பெரியவர்களிடம் வாங்குங்கள். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் நீங்களாகத் தலையிடாமல் விடுதிக்காரரிடம் சொல்லுங்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்காகச் செயல்படும் சைல்டுசேஃப் அமைப்புக்குத் தகவல் கொடுக்கும்படி அவரிடமே கேட்கலாம்.

இரண்டாவது விதி இன்னும் முக்கியமானது. ஆதரவற்றோர் இல்லங்களைச் சுற்றிப் பார்க்கச் செல்லாதீர்கள். கம்போடிய அரசு 2015-இல் எடுத்த கணக்கெடுப்பில் 406 இல்லங்களும் அவற்றில் 16,579 குழந்தைகளும் இருந்தது தெரியவந்தது. இப்படிப்பட்ட இல்லங்களில் வாழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதை யுனிசெஃப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கம்போடியாவின் உள்நாட்டுப் போர் முடிந்து வெகுகாலம் ஆனபின்பும் இல்லங்கள் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம், அவற்றைத் தேடி வந்த சுற்றுலாப் பயணிகளும் அவர்களின் நன்கொடையும்தான். படிப்பும் ஆங்கிலமும் கிடைக்கும் என்று கிராமத்துப் பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். வருபவர் மனம் இளகினால்தான் பணம் வரும் என்பதால், பிள்ளைகளை வாடிய நிலையிலேயே வைத்திருக்கும் இடங்களும் உண்டு. முன்பின் தெரியாத விருந்தினரை ஓடி வந்து கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்துப் பாசம் என்று நினைக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழகியவர்கள் போய்விட்டுப் புதியவர்கள் வரும் இடத்தில் வளர்வதன் விளைவு அது. நம் ஊர்ப் பள்ளியில் பாடம் நடக்கும்போது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் உள்ளே நுழைந்து பிள்ளைகளைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள நாம் சம்மதிப்போமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டாலே போதும். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியபோது, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்தும் இந்த வழக்கமும் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது.

தோன்லே சாப் ஏரியின் மிதக்கும் கிராமங்களுக்குப் படகில் செல்பவர்கள், வழியில் ஒரு கடையில் படகை நிறுத்தி, பள்ளிக் குழந்தைகளுக்கு அரிசி மூட்டை வாங்கித் தரச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். சந்தை விலையைவிடப் பல மடங்கு விலை சொல்வார்கள். அந்த மூட்டை மாலையில் மீண்டும் கடைக்கே திரும்பி வரலாம்.

சரி, கொடுக்க வேண்டிய இடம் எது? என்னைக் கேட்டால் மருத்துவமனைகளைத்தான் முதலில் சொல்வேன். பேயாட் ரிக்னர் என்ற சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர், கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சிக்கு முன் தாம் பணியாற்றிய காந்தா போபா மருத்துவமனையை 1992-இல் புனோம் பென்னில் மீண்டும் திறந்தார். அதன் சியெம் ரீப் கிளையான ஏழாம் ஜெயவர்மன் மருத்துவமனை 1999-இல் தொடங்கியது. பொருத்தமான பெயர் அது: தா ப்ரோம் கோயிலின் 1186-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கோரை ஆண்ட அந்த மன்னரின் நாட்டில் 102 ஆரோக்கிய சாலைகள் இருந்ததாகக் கூறுகிறது. இங்கே குழந்தைகளுக்குச் சிகிச்சை முற்றிலும் இலவசம். ரிக்னர் சியெம் ரீப்பில் செல்லோ என்ற தந்தி வாத்தியத்தை வாசித்து, கேட்க வந்த பயணிகளிடம் இளைஞர்கள் ரத்தமும், முதியவர்கள் பணமும், இடைப்பட்டவர்கள் இரண்டும் தருமாறு கேட்பார். அவர் 2018-இல் காலமானார். மருத்துவமனைகள் தொடர்ந்து நடக்கின்றன. அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 என்று 2017-இல் உயர்த்தப்பட்டபோது, சீட்டு ஒன்றுக்கு 2 டாலர் காந்தா போபாவுக்குச் செல்லும்படி அரசு ஏற்பாடு செய்தது.

பணத்தைவிட ரத்தம் அங்கே அருமையானது. மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் முற்றிய குழந்தைகளுக்கும், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கும் ரத்தம் தேவைப்படுகிறது. தலசீமியா அந்த நாட்டில் பரவலாகக் காணப்படும் நோய். ரத்ததானம் செய்ய எண்ணுபவர்கள் அதைப் பயணத்தின் கடைசி நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நாள் முழுவதும் படியேறி இறங்கிவிட்டு நேராகப் போக வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் செல்லுங்கள். மலேரியா வந்திருந்தால், மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அண்மையில் பச்சை குத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் வருந்தத் தேவையில்லை. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் கென்ரோ இசூ தொடங்கிய அங்கோர் குழந்தைகள் மருத்துவமனையும் அதே ஊரில் இருக்கிறது, அங்கும் கொடுக்கலாம்.

அடுத்தது, பெரியவர்களுக்கு வேலையும் இளைஞர்களுக்குப் பயிற்சியும் தரும் இடங்களில் செலவழிப்பது. தாய்லாந்து எல்லை அகதி முகாமில் ஓவியம் கற்ற இளைஞர்கள் ஊர் திரும்பி, 1994-இல் பட்டம்பாங்கில் தொடங்கிய பாரே கலைப்பள்ளியின் மாணவர்கள், 2013 முதல் சியெம் ரீப்பில் சர்க்கஸ் நடத்துகிறார்கள். சீட்டு வாங்கிப் பார்த்தால் வருமானம் பள்ளிக்குப் போகிறது. ஆர்ட்டிசான்ஸ் அங்கோர் பட்டறைகளில் கிராமத்து இளைஞர்கள் கல்லும் மரமும் செதுக்குவதைப் பார்த்து வாங்கலாம். கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்க எலிகளைப் பழக்கும் அபோபோ அமைப்பின் பார்வையாளர் மையமும் அங்கே உண்டு. வெடி வெடிக்கப் போதிய எடை அந்த எலிகளுக்கு இல்லை; மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனில் தங்கப் பதக்கம் கிடைத்தது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

தன்னார்வப் பணிக்கு வருகிறேன் என்று பணம் கட்டிச் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் செவிலியராகவோ கணக்கராகவோ பொறியாளராகவோ இருந்து, உள்ளூர் ஊழியர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கப் பல மாதங்கள் தங்க முடிந்தால் செல்லுங்கள். ஒரு வாரம் சுவருக்கு வண்ணம் பூசப் போவதென்றால், அந்தக் கூலி உள்ளூர்ப் பெயின்டருக்குச் சேர வேண்டியது.

ஊர் திரும்பியபின் அனுப்பும் பணமே பெரும்பாலும் அதிகம் பயன்படும். ஒரே முறை பெரிய தொகையாகக் கொடுப்பதைவிட, ஆண்டுதோறும் சிறிய தொகையாக அனுப்பினால் அவர்களால் மருந்துக்கும் சம்பளத்துக்கும் திட்டமிட முடியும். அனுப்பும் முன் அந்த அமைப்பு எங்கே பதிவு பெற்றது, தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறதா என்று பாருங்கள். இந்தியாவில் வசிப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்ற மொத்த வரம்புக்குள் வெளிநாட்டு நன்கொடையும் அனுப்பலாம். வங்கிப் படிவத்தில் நோக்கம் நன்கொடை என்று குறிப்பிட வேண்டும். வெளிநாட்டு அமைப்புக்குத் தரும் இந்தத் தொகைக்கு வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கான 80ஜி பிரிவின் வரிச்சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.