குறும்புக்கார வனதேவதையை வைத்துக் கதை கட்டுவது எப்படி

என் மகளுக்கு நான்கு வயதானபோது, தூங்கும் முன் சொல்வதற்காக ஒரு வனதேவதையைக் கற்பனை செய்தேன். பெயர் கிண்கிணி. மகளுக்கு இப்போது ஏழு வயது. கிண்கிணி கதை இல்லாமல் இன்றும் தூங்க மாட்டாள். இந்த மூன்று வருடத்தில் எது எடுபட்டது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் குறும்பைத் தீர்மானியுங்கள். சிறகு, உடை எல்லாம் அப்புறம். பளபளக்கும் சிறகு, பொன்னிறக் கூந்தல் என்று அடுக்க ஆரம்பித்தால் குழந்தை கொட்டாவி விடும். 'கிண்கிணி ஆந்தையோட குரலை எடுத்துத் தவளைக்குக் குடுத்துட்டா' என்று ஆரம்பித்துப் பாருங்கள், எழுந்து உட்கார்ந்துவிடும்.

ஒரு கதைக்கு ஒரு குறும்பு போதும், அதை மூன்று முறை காட்டுங்கள். ஆந்தை கிளையில் கம்பீரமாக உட்கார்ந்து வாயைத் திறக்கிறது: "கொர்ர்ர்!" குயில் கூவப் பார்க்கிறது: "கா!" இந்த இரண்டும் சிரிப்புக்கு. மூன்றாவதில்தான் கதை திரும்ப வேண்டும். தாய்மான் தன் குட்டியைக் கூப்பிடுகிறது, வருவதோ காட்டுப்பன்றியின் உறுமல். குட்டி பயந்துபோய் புதருக்குள் ஒளிந்துகொள்கிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. மரத்தின் மேலே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்த கிண்கிணி, சிரிப்பை நிறுத்துகிறாள்.

இந்த இடத்தில் உங்கள் குரலும் தாழ வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. முதல்முறை சொன்னபோது குட்டி எங்கே போனது என்றே நான் சொல்லவில்லை. மகள் அழுதுவிட்டாள், அன்று வெகுநேரம் தூங்கவே இல்லை. இப்போதெல்லாம் முன்கூட்டியே காதோடு சொல்லிவிடுவேன்: "அம்மா மானுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். குட்டி பெரணிச் செடிக்குப் பின்னாடி இருக்கு." உடனே அவள் போர்வையை உதறிவிட்டு, "அங்கதான் இருக்கு, அங்கதான்!" என்று சுவரைப் பார்த்துக் கையை நீட்டுவாள். பயம் போய், காப்பாற்றும் அவசரம் வந்துவிடுகிறது.

சரி, யார் காப்பாற்றுவது? தேவதைகளின் ராணி வந்து தண்டிப்பதாக வைக்காதீர்கள். திட்டு வாங்குவது குழந்தைக்குப் பழகிப்போன விஷயம், அதைக் கதையிலும் கேட்க வேண்டாம். செய்தவளே சரிசெய்யட்டும். எடுத்த குரல்களையெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்போது, எது யாருடையது என்று கிண்கிணிக்கு மறந்துபோகிறது. அங்கே நிறுத்திக் குழந்தையைக் கேளுங்கள். என் மகள் ஒவ்வொரு குரலாகக் கத்திக் காட்டிய பிறகுதான் கதை நகரும்.

தேவதையின் மாயத்துக்கு ஒரு முறிவும் இருக்கட்டும். இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பக்கத்து நாட்டார் கதைகளில் பிக்ஸி என்ற குட்டித் தேவதைகள் வழிப்போக்கர்களுக்கு வழி தெரியாமல் செய்து, சுற்றிச் சுற்றி அலைய விடும். மேல்சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டால் மாயம் விலகிவிடுமாம். எனக்கு மிகவும் பிடித்த முறிவு இது, ஏனென்றால் குழந்தையே செய்து பார்க்கலாம்.

தேவதைக்கு வீடு தேடியும் அலைய வேண்டியதில்லை. காட்டிலும் புல்வெளியிலும் சில காளான்கள் வட்டமாக முளைக்கும். தேவதைகள் ஆடிய இடம் என்று ஐரோப்பியக் கதைகள் சொல்கின்றன. "நிஜமாவா?" என்று குழந்தை கேட்டால் உண்மையையே சொல்லுங்கள்: மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகள் ஓரிடத்திலிருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகின்றன, அந்த விளிம்பில் காளான் எட்டிப் பார்க்கிறது. என் மகளுக்கு இதைச் சொன்ன பிறகும் கிண்கிணி அங்கேதான் குடியிருக்கிறாள்.

முடிவில் 'இனிமேல் குறும்பே செய்ய மாட்டேன்' என்று மட்டும் அவளைச் சொல்ல வைத்துவிடாதீர்கள், நாளைக்குக் கதை வேண்டுமே. குட்டி மான் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. கிண்கிணி கொட்டாவி விட்டபடி காளான் வட்டத்துக்குள் நுழைகிறாள். நுழையும்போது, பக்கத்தில் தூங்கும் முயலின் நீளமான காதுகளை ஒருமுறை உற்றுப் பார்க்கிறாள்.