ஏற்புரைக்கு எழும்போது: படைப்பாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பதுளையிலோ நடைபெறும் நூல் வெளியீடுகளில் தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு நூலாசிரியரை அழைக்கும்போது, அந்த மண்டபத்தில் மிகுந்த பதற்றத்தோடு இருப்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். பிறர் படைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் தடங்கலின்றிப் பேசக்கூடியவருக்குக்கூடத் தம் கவிதையைப் பற்றிப் பேச நா எழுவதில்லை. இது இயல்பானது. பேச்சைக் கெடுப்பது இந்த அச்சம் அன்று; அதை மறைப்பதற்காக நாம் செய்யும் காரியங்களே என்பது என் உறுதியான எண்ணம்.

அச்சம் முற்றாக நீங்கிய பிறகுதான் பேச வேண்டும் என்று நினைப்பது முதல் தவறு. மேடைக்கு எழும் வேளையில் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. நுவரெலியா போன்ற குளிர்ந்த ஊரில் மாலைக் கூட்டமென்றால் குளிரும் சேர்ந்துகொள்ளும். ஆனால் நமக்குள் நிகழும் இவற்றில் சிறிதளவே பார்வையாளர் கண்ணுக்குப் படுகிறது. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்னும் உளவியலாளர்கள் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நம் பதற்றம் நாம் எண்ணும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்னும் உண்மையை முன்கூட்டியே அறிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதேபோல், 'அமைதியாக இரு' என்று தன்னைத்தானே அடக்குவதும் பயன் தருவதில்லை. 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பேசியவர்களின் உரை மேலும் நம்பிக்கையூட்டுவதாக இருந்ததென அலிசன் வுட் புரூக்ஸின் 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. படபடக்கும் நெஞ்சை அடக்குவதைவிட அந்த வேகத்தைப் பேச்சுக்குள் திருப்பிவிடுவது எளிது.

உரை முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்வது மிகப் பரவலான தவறு. ஒரு சொல் நழுவினால் அடுத்த பத்து வாக்கியங்களும் அதனோடு போய்விடும். அதற்கு அஞ்சி முழுத்தாளையும் கையில் எடுத்துச் சென்றால், மெல்லிய தாள் விரல்களின் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதன் சரசரப்பு ஒலிவாங்கியிலும் கேட்கும். சொல்ல விரும்பும் மூன்று செய்திகளையும் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் பெரிய எழுத்தில், அஞ்சலட்டை அளவுள்ள தடித்த அட்டையில் எழுதிக்கொண்டால் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, மனத்துக்குள் மட்டும் ஒத்திகை பார்ப்பது. மாசி மாதத்தில் தேயிலைத் தோட்டங்களில், ரதி மன்மதன் கதையான காமன் கூத்தை ஆடுகிறவர்களைப் பாருங்கள். பகலெல்லாம் மலையில் வேலை செய்துவிட்டு, இரவில் ஊரே திரண்டிருக்க ரதியாகவும் மன்மதனாகவும் தயக்கமின்றி நிற்கிறார்கள். அவர்களும் அச்சம் அறிந்தவர்களே. ஆயினும் வாத்தியார் முன்னால், நின்றுகொண்டு, வாய்விட்டுப் பாடி, திருத்தம் வாங்கிப் பழகியிருக்கிறார்கள். எழுத்தாளரோ படுக்கையில் கிடந்தபடி உதடு அசையாமல் ஒத்திகை பார்த்துவிட்டு, தம் குரலையே முதன்முதலாக ஒலிபெருக்கியில் கேட்டுத் திடுக்கிடுகிறார். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) வாசலில் அக்காவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் உட்கார வைத்து எழுந்து நின்று ஒரு முறை பேசிப் பார்ப்பது, மனத்துக்குள் பார்க்கும் பல ஒத்திகைகளைவிட மேலானது. மண்டபத்துக்கு முன்னதாகவே சென்று ஒலிவாங்கியில் இரண்டு வார்த்தை பேசிப் பார்ப்பதும் இதனோடு சேர்ந்ததே.

'எனக்குப் பேச வராது, மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று தொடங்காதீர்கள். அதுவரை கவனிக்காதவரையும் அது குறை தேட வைக்கும். மேடையிலுள்ள அனைவரையும் பட்டத்தோடும் பதவியோடும் விளிக்கும் நம் வழக்கமும் பதற்றக்காரருக்கு ஆபத்தானது. ஒரு பெயர் விடுபட்டுவிடுமோ என்ற கவலையிலேயே முதல் இரண்டு நிமிடமும் கழிந்துவிடும். தலைவரை விளித்து, 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' என்றால் மரியாதை குறைந்துவிடாது.

மேடைக்கென்று தனித்தமிழொன்றை வரவழைப்பதும் வேண்டாம். வீட்டில் பேசாத சொற்களைப் பதற்றத்தின் நடுவே தேடினால் நாக்குத் தடுமாறும். பிரட்டுக்களம் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்குமிடம்), கொழுந்து, கங்காணி (தொழிலாளரின் மேற்பார்வையாளர்) என்று புத்தகத்தில் எழுதத் துணிந்தவர் மேடையில் அச்சொற்களுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கவிதையின் பொருளை விளக்கவும் முற்படாதீர்கள். அதற்கு நயவுரைகாரர் இருக்கிறார். அது எங்கே, எந்த முகத்தைப் பார்த்துப் பிறந்தது என்பதை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும். உங்களுக்கே தெரிந்த ஒன்றைச் சொல்லும்போது மறந்துவிடுவோமோ என்ற பயம் தானாகவே தணிகிறது. மலையகத் தொழிற்சங்கப் போராளியான மீனாட்சியம்மாள் நடேசையர் தோட்டத் தொழிலாளரின் துயரங்களைத் தாமே பாட்டாக்கி, அவர்கள் நடுவே நின்று பாடியதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பத்து நிமிட உரையை மட்டும் தயாரித்துச் செல்லும் தவறு. நம் விழாக்கள் தாமதமாகத் தொடங்கும்; வாழ்த்துரைகள் நீளும்; ஏற்புரை வரும்போது தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். தம் பேச்சுப் பிடிக்காமல்தான் போகிறார்கள் என்று எண்ணிப் புதியவர் அவசரப்பட்டு, மூச்சுவிடாமல் கொட்டித் தீர்க்கிறார். அதே உரையின் மூன்று நிமிட வடிவத்தையும் அட்டையின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். நேரம் சுருங்கினால் அட்டையைத் திருப்பிக்கொண்டு, ஒரு கவிதையை நிதானமாக வாசித்து, நன்றி கூறி அமருங்கள்.