வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்வது எப்படி

எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைத் தம் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைவது அதன் உடலின் வடிவத்தைத்தான். ஆனால் கருவி முடிந்து கைக்கு வந்த பிறகு அது சுருதியில் நிற்கிறதா, விரலுக்கு இதமாக இருக்கிறதா என்பதை முடிவு செய்பவை மூன்று: கழுத்து வளையாமல் நேராக இருப்பது, நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் பள்ளமிட்ட சிறு துண்டு) பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) வரையிலான நீளம், கழுத்தையும் பிரிட்ஜையும் ஒரே வரிசையில் நிறுத்தும் நடுக்கோடு. உடலின் விளிம்பு ஓரிரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. இந்த மூன்றில் பிசகினால் காதும் விரலும் உடனே சொல்லிவிடும். எனவே உங்கள் பொறுமையின் பெரும்பங்கை இவற்றுக்காக ஒதுக்கி வையுங்கள்.

இந்த வேலை வீட்டில் சாத்தியமாவதற்குக் காரணம் கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. சாதாரண கிட்டாரில் மெல்லிய மேற்பலகையும் உள்ளீடற்ற பெட்டியும் ஒலியைப் பெருக்குகின்றன. எலெக்ட்ரிக் கிட்டாரிலோ கம்பியின் அதிர்வைப் பிக்கப்பிலுள்ள காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் நேரடியாக மின்குறியாக மாற்றுகின்றன. ஆகவே உடல் என்பது கம்பிகளின் இழுவையைத் தாங்கும் ஒரு கெட்டியான பலகையாக இருந்தால் போதும். 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஒரு கனத்த மரச்சட்டத்தின் மேல் கழுத்தையும் பிக்கப்பையும் பொருத்திக் காட்டியது இதைத்தான். குயீன் குழுவின் பிரையன் மே 1963-இல் தம் தந்தையுடன் சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, பழைய கணப்படுப்பு ஒன்றின் மரத்திலிருந்து செதுக்கப்பட்டது. விரல்பலகையின் புள்ளிகள் அவருடைய தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுமார் இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட அந்தக் கருவியைத்தான் அவர் வாழ்நாள் முழுதும் மேடையில் வாசித்து வருகிறார்.

வரைபடத்துக்கு முன் உதிரிபாகங்கள்

மரத்தில் கை வைப்பதற்கு முன்பே பிரிட்ஜ், பிக்கப், டியூனர்கள் (கம்பிகளை முறுக்கும் முறுக்காணிகள்), டிரஸ் ராடு (கழுத்துக்குள் பதித்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு), ஃபிரெட் கம்பி (விரல்பலகையின் குறுக்கே மெட்டுகளாக இறங்கும் உலோகக் கம்பி), பொட்டன்ஷியோமீட்டர்கள் (ஒலியளவையும் டோனையும் மாற்றும் திருகிகள்) எல்லாவற்றையும் வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள். பட்டியலில் போட்ட அளவும் பொருளின் உண்மையான அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கையிலிருக்கும் பொருளை வெர்னியர் அளவியால் அளந்து, கிட்டார் முழுவதையும் நிஜ அளவில் ஒரே தாளில் வரையுங்கள். தாளின் நடுவே முதலில் ஒரு நேர்கோடு போட்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்து இருபுறமும் அளந்து வரைய வேண்டும்.

அடுத்து ஸ்கேல் நீளத்தை, அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான நீளத்தை, தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபென்டர் கிட்டார்களில் இது 25.5 அங்குலம், அதாவது 647.7 மி.மீ.; கிப்சன் கிட்டார்களில் 24.75 அங்குலம் என்று சொல்லப்படுகிறது. நீளம் கூடினால் அதே சுருதிக்குக் கம்பி இறுக்கமாக நிற்கும், குறைந்தால் தளர்வாக வளையும். முதல் முயற்சிக்கு 647.7 மி.மீ. நீளம், நான்கு திருகுகளால் முடுக்கும் கழுத்து, உடலின் மேல் தட்டையாக அமரும் பிரிட்ஜ், கழுத்தின் நுனியில் சாய்வில்லாத நேரான தலைப்பகுதி ஆகியவற்றை நான் பரிந்துரைக்கிறேன். கழுத்தை உடலோடு ஒட்டிவிட்டால் பிழையைத் திருத்த வழியில்லை. உயரமான பிரிட்ஜ் வைத்தால் கழுத்தைச் சில பாகை பின்னே சாய்க்க வேண்டியிருக்கும். இரண்டும் இரண்டாவது கிட்டாருக்கு உரியவை.

மரத்தைப் பொறுத்தவரை, உடலுக்கு ஆல்டர், ஆஷ், மஹோகனி, பாஸ்வுட் போன்றவையும், கழுத்துக்கு மேப்பிள் அல்லது மஹோகனியும், விரல்பலகைக்கு ஈட்டி, கருங்காலி அல்லது மேப்பிளும் வழக்கமாகப் பயன்படுகின்றன. மரத்தின் பெயரைவிட அது நன்றாக உலர்ந்திருப்பதே முக்கியம். ஈரப்பதம் 6 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வாங்கிய பலகையை நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே சில வாரங்கள் காற்றோட்டமாக அடுக்கி வைத்து, அது வளைவதாக இருந்தால் அப்போதே வளைந்துவிட விடுங்கள். கழுத்துக்கான கட்டையில் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும், முடிச்சு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கழுத்து

கட்டையின் ஒரு பக்கத்தை இழைப்புளியால் முற்றிலும் தட்டையாக்கி, நீண்ட இரும்பு மட்டக்கோலை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கோலுக்கும் மரத்துக்கும் இடையே வெளிச்சம் கசியும் இடமெல்லாம் இன்னும் வேலை பாக்கி. இந்த முகத்தில் நடுக்கோட்டைக் கூர்மையான கத்தியால் கீறி, டிரஸ் ராடுக்கான பள்ளத்தை ரூட்டரால் (சுழலும் அலகால் மரத்தைக் குடையும் மின்கருவி) தோண்ட வேண்டும். இருபுறமும் இயங்கும் ராடுகளுக்குப் பொதுவாக 6 மி.மீ. அகலமும் 9 மி.மீ. அளவு ஆழமும் தேவைப்படும். ஆனாலும் கையிலுள்ள ராடை அளந்தே தோண்டுங்கள். ராடு அசையாமல், அதே சமயம் அடித்துத் திணிக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் அமர வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. முதல் ஃபிரெட் அருகே கழுத்தின் மொத்தக் கனம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் விரல்பலகை 6 மி.மீ., ராடின் பள்ளம் 9 மி.மீ.; மிஞ்சுவது 5 மி.மீ. மரம்தான். மெல்லிய கழுத்துக்கு ஆசைப்பட்டு இன்னும் 3 மி.மீ. செதுக்கினால், ராடை இறுக்கும் நாளில் கழுத்தின் முதுகு பிளந்துகொள்ளும்.

விரல்பலகையில் ஃபிரெட் பள்ளங்களை அறுப்பதே இந்த வேலையின் உயிர்நிலை. வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் அமர்வதால் அவற்றை நகர்த்திச் சுருதி சேர்க்கலாம். கிட்டாரின் ஃபிரெட் மரத்தில் இறங்கிவிட்டால் இறங்கியதுதான். கணக்கு எளியது: மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 என்ற எண்ணால் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான தூரம் கிடைக்கும். 647.7-ஐ வகுத்தால் 36.35, முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.35 மி.மீ. தொலைவில் அமையும். மீதமுள்ள 611.35-ஐ வகுத்தால் 34.31, இரண்டாவது ஃபிரெட் நட்டிலிருந்து 70.66 மி.மீ. தொலைவில் வரும். இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் 323.85 மி.மீ. என்று, அதாவது மொத்த நீளத்தில் சரிபாதியாக, வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

கணக்கை இப்படிப் போட்டாலும், பலகையில் குறிக்கும்போது ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே அளந்து குறிக்க வேண்டும். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. பிசகினாலும் 22-ஆவது ஃபிரெட்டில் பிழை 4 மி.மீ.க்கு மேல் சேர்ந்துவிடும். பென்சில் கோடு தடிமனானது என்பதால் கத்தியால் கீறி, மூலைமட்டத்தை அணைத்து, ஃபிரெட் கம்பியின் அடிநாக்குக்குப் பொருந்துமாறு சுமார் 0.6 மி.மீ. அகலம் அறுக்கும் ரம்பத்தால் அறுங்கள். பலகையின் பக்கங்கள் இன்னும் செவ்வகமாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். கழுத்துக்கு ஏற்பச் சரிவாக்கிய பிறகு மூலைமட்டம் அணைய இடமில்லாமல் போகும்.

ஒட்டும்போது ராடின் மேல் ஒரு மெல்லிய நாடாவை ஒட்டி மூடி, மரப்பசையைப் பரப்பிய பிறகு நாடாவை உரித்துவிட்டால், பசை ராடுக்குள் இறங்காது. பசையின் வழுவழுப்பில் பலகை நகராமலிருக்க, ஃபிரெட் பள்ளங்களுக்குள்ளேயே இரண்டு சிறு ஆணிகளை இறக்கி, பசை காய்ந்ததும் பிடுங்கிவிடலாம். கிளாம்ப் போட்டு ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள்.

பிறகு விரல்பலகையின் முகத்தை வளைவாக்கும் வேலை. 9.5 அல்லது 12 அங்குல ஆரமுள்ள வளைகட்டையில் உப்புத்தாளை ஒட்டி, நீளவாக்கில் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்ததும் பள்ளங்களின் ஆழம் குறைந்திருக்கும். அவற்றை மீண்டும் சரிபார்த்து ஆழமாக்குங்கள். ஃபிரெட் கம்பியைப் பலகையைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்து, முதலில் இரு முனைகளையும் பிறகு நடுவையும் தட்டி இறக்கினால் முனைகள் தூக்கிக்கொள்ளாது. கழுத்தின் முதுகை அரத்தாலும் சுரண்டு தகட்டாலும் உருட்டுவது மிகவும் மகிழ்ச்சியான கட்டம். அவ்வப்போது கண்ணை மூடி உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தால், மேடு எங்கே இருக்கிறது என்பதைக் கை சொல்லும்.

உடலும் கழுத்துக்குழியும்

உடலுக்கு 45 மி.மீ. கனமுள்ள பலகை போதும். ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் இரண்டு துண்டுகளை நடுக்கோட்டில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய கோடே நடுக்கோடாகவும் பயன்படும். 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வடிவத்தை அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் சீராக்கி, அதை அச்சாக வைத்துத் தாங்கு உருளையுள்ள ரூட்டர் பிட்டால் மரத்தை வெட்டுங்கள். முதலில் ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுத்துவிட்டால் ரூட்டருக்கு வேலை குறையும். ஒரு சுற்றில் 3 முதல் 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறங்காதீர்கள். ரேகையின் குறுக்கே திரும்பும் மூலைகளில்தான் மரம் பெயர்ந்துகொண்டு பறக்கும். கண்ணாடி, காதடைப்பு, தூசிக்கவசம் மூன்றும் இல்லாமல் ரூட்டரைத் தொட வேண்டாம். ஈட்டி மரத் தூள் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும்.

கழுத்துக்குழிக்கான அச்சை வரைபடத்திலிருந்து எடுக்காமல், செய்து முடித்த கழுத்தையே வைத்துச் சுற்றி வரைந்து எடுங்கள். ஆழம் சுமார் 16 மி.மீ. கழுத்தை அதில் செருகி உடலைத் தூக்கினால், திருகு இல்லாமலே கழுத்து விழாமல் நிற்க வேண்டும். திருகுகளுக்கு உடலில் போடும் துளை திருகு தாராளமாக நுழையும் அகலத்திலும், கழுத்தில் போடும் துளை திருகைவிடக் குறுகலாகவும் இருக்கட்டும். உடலிலும் திருகு மரை பிடித்தால் இரண்டுக்கும் இடையே இடுக்கு விழும். திருகின் மேல் சிறிது மெழுகு தடவினால் மேப்பிளில் முறியாமல் இறங்கும்.

பிரிட்ஜின் துளைகளைக் கழுத்தைப் பொருத்திய பிறகே போட வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கிட்டாரில் அவசரப்பட்டு வரைபடத்தைப் பார்த்தே பிரிட்ஜைத் துளையிட்டுவிட்டேன். கழுத்து குழிக்குள் நினைத்ததைவிட 4 மி.மீ. உள்ளே அமர்ந்துவிட, பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடில்களைக் கடைசி வரை நகர்த்தியும் சுருதி சேரவில்லை. துளைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, மறுபடி துளையிட்டேன். இப்போதெல்லாம் நட்டின் விரல்பலகைப் பக்க விளிம்பிலிருந்து முதல் கம்பியின் (மிக மெல்லியது) சேடில் வரை 647.7 மி.மீ. அளந்து, அந்தச் சேடிலைப் பெரும்பாலும் முன்னே தள்ளிய நிலையில் பிரிட்ஜை வைக்கிறேன். தடித்த கம்பிகளின் சேடில்கள் அதைவிடச் சில மில்லிமீட்டர் பின்னே போக வேண்டியிருக்கும். அதற்கான இடம் பின்னால் இருக்க வேண்டும். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் ஓடும் பாதையில் இரண்டு நூல்களை இழுத்துக் கட்டி, விரல்பலகையின் இரு விளிம்புகளிலிருந்தும் நூல்கள் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, அப்போதுதான் டிரில்லை எடுக்கிறேன்.

மெருகேற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 240, 320 என்று ஒன்றையும் தாண்டாமல் தேய்த்து, மஹோகனி, ஆஷ் போன்ற துளை மரங்களுக்குத் துளைநிரப்பி பூசி, எண்ணெய் அல்லது பாலியூரித்தேன் ஏற்றலாம். வீட்டுக்கு எண்ணெய்ப் பூச்சு எளிது. ஆனால் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்தே அகற்றுங்கள்.

மின்பகுதி

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோஓம், இரட்டைச் சுருளான ஹம்பக்கருக்கு 500 கிலோஓம் பொட்டன்ஷியோமீட்டர் என்பது வழக்கம்; டோன் கட்டுப்பாட்டுக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பிக்கப்பின் குறிக்கம்பி வால்யூம் பொட்டன்ஷியோமீட்டரின் ஒரு ஓரக் காலுக்கும், நடுக்காலிலிருந்து ஜாக்கின் முனைக்கும் போகும். மற்ற ஓரக் காலை அதன் உலோக உறையோடு பற்றவைத்துத் தரையாக்க (எர்த்) வேண்டும். குழிகளின் உட்புறம் முழுவதும் செம்புத்தாள் ஒட்டி, அதையும் பிரிட்ஜிலிருந்து வரும் ஒரு கம்பியையும் அதே தரையில் சேருங்கள். பின்னர் கிட்டாரில் பூட்டிய கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் இந்த இணைப்பு சரி. கம்பிகள் பூட்டுவதற்கு முன்பே ஆம்ப்ளிஃபையரில் மெல்லிய ஒலியில் இணைத்து, திருப்புளியால் பிக்கப்பை லேசாகத் தட்டிப் பாருங்கள். டக் என்ற ஒலி வர வேண்டும்.

சுருதிக்குக் கொண்டுவருதல்

ராடைத் திருப்பிக் கழுத்தை நேராக்கி, ஃபிரெட்டுகளின் தலையில் மார்க்கரால் கோடிட்டு, நீண்ட தட்டைக்கட்டையில் ஒட்டிய 320-ஆம் எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். எல்லா ஃபிரெட்டிலும் மை அழிந்ததும் நிறுத்திவிட்டு, தட்டையான தலைகளை ஃபிரெட் அரத்தால் மீண்டும் உருட்டுங்கள். கடைசி மெருகுக்கு எஃகுப் பஞ்சு பயன்படுத்தினால் பிக்கப்பை நாடாவால் மூடிவிடுங்கள், இல்லையேல் அதன் துகள்களைக் காந்தம் இழுத்துக்கொண்டு விடாது.

0.010 முதல் 0.046 அங்குலம் வரையான கம்பிகள் சுருதியில் நிற்கும்போது கழுத்தின் மேல் சுமார் 45 கிலோ இழுவை விழும். அந்த இழுவையில் கழுத்து முன்னே வளையும்; ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்தினால், ஏழாவது ஃபிரெட் அருகே 0.2 மி.மீ. இடைவெளி தெரியும்படி ராடைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.5 மி.மீ. என்று வைத்துத் தொடங்கலாம். நட்டின் பள்ளங்களைச் சிறிது சிறிதாக அராவி, கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தும்போது முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி மட்டும் மிஞ்சும் அளவில் நிறுத்துங்கள்.

இறுதியாகப் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியையும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஒலி கூடினால் சேடிலைப் பின்னேயும், குறைந்தால் முன்னேயும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கம்பியை மறுபடி சுருதி கூட்டிய பிறகே அடுத்த அளவைப் பாருங்கள். புதிய கழுத்து கம்பிகளின் இழுவைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அதன்பின் ராடு, கம்பி உயரம், சேடில் என்ற இதே வரிசையில் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.